முதலில் முற்றம், அப்புறம்தான் கராஜ்

கேள்வி: வணக்கம் சார். கலிஃபோர்னியாவில் ஓஹாய் ஊரில் 1927-இல் கட்டிய ஸ்பானிஷ் பாணி வீடு ஒன்றைப் போன வருஷம் வாங்கினோம். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பின்பக்கம் ஆரஞ்சு மரங்கள். காரைக்குடியிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் தங்க ஒரு சின்ன வீடு, இரண்டு கார் நிறுத்த கராஜ், எனக்கு ஒரு மரவேலைப் பட்டறை, இந்த மூன்றையும் பின்பக்கம் கட்டி நடுவில் ஒரு முற்றம் விட ஆசை. காண்ட்ராக்டர் மூன்றையும் ஒரே நீளக் கட்டடமாக்கி, முன்னால் ஐந்து வளைவு வைத்த வராந்தாவோடு வரைந்து தந்திருக்கிறார் (படமும் சைட் பிளானும் இணைத்திருக்கிறேன்). தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்து நினைத்தால் ஹோட்டல் மாதிரி தெரிகிறது. பழசு போலத் தெரிய சுவரில் விரிசல் கீறி, பெயிண்டைத் தேய்த்து விடலாம் என்கிறார். அது சரியாக வருமா? சுடாத மண் கல்லிலேயே (அடோபி) கட்டலாமா? நடுவில் நீரூற்று வைக்கலாமா? ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா?

பதில்: வணக்கம். படம் பார்த்தேன். ஹோட்டல் மாதிரி என்று உங்களுக்குத் தோன்றியது சரி. மூன்று வேலைக்கு ஒரே கட்டடம் போட்டால் அப்படித்தான் வரும். கார் நிற்கிற இடத்துக்கும் அம்மா தூங்குகிற அறைக்கும் ஒரே உயரம், ஒரே கூரை, ஒரே அளவு வளைவு. இந்தப் பாணி பிறந்த தெற்கு ஸ்பெயினில், அந்தலூசியாவில், பழைய பண்ணை வீடுகளைப் பாருங்கள். கோர்த்திஹோ என்பார்கள். முதலில் ஒரு வீடு இருக்கும், கொஞ்ச காலம் கழித்து ஒரு தொழுவம் வரும், அடுத்த தலைமுறையில் ஆலிவ் எண்ணெய் ஆட்ட ஒரு கூடம், யாருக்கோ கல்யாணமானதும் ஓரத்தில் இரண்டு அறை. ஒவ்வொன்றும் அன்றைக்குக் கையில் இருந்த காசுக்கும் அன்றைய தேவைக்கும் ஏற்ற உயரத்தில் எழும்பியிருக்கும், ஒன்றின் கூரை இன்னொன்றின் கூரையோடு ஒட்டாது. எல்லாவற்றுக்கும் நடுவே வண்டி திரும்ப, தானியம் உலர்த்த, மாடு கட்ட விட்டு வைத்த வெளிதான் முற்றம். அந்த வெளியின் மூன்று நான்கு பக்கச் சுவர்களாகத்தான் கட்டடங்கள் நிற்கும்.

அதனால் காண்ட்ராக்டரிடம் கட்டடத்தை வரைவதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், முற்றத்தை முதலில் போட்டுவிடலாம். சைட் பிளானில் வீடு தெற்கே தெருவைப் பார்த்து நிற்கிறது, கிழக்கே ஒரு சிறகு பின்னால் நீள்கிறது. இரண்டு பக்கம் ஏற்கெனவே இருக்கிறது, பாக்கி இரண்டுதான். வடக்கே அப்பா அம்மாவின் வீடு, வாசல் தெற்கைப் பார்த்து. குளிர்காலத்தில் வெயில் தாழ்வாக வரும், அது நேரே அவர்கள் அறைக்குள் விழும். மேற்கே கராஜ், அதன் வடக்கு முனையில் கூரை ஒரு படி இறங்கிப் பட்டறை. கராஜ் கதவுகள் மேற்கே கார்ப் பாதையைப் பார்க்கட்டும், முற்றத்துக்கு அதன் முதுகுதான் தெரிய வேண்டும், ஜன்னல்கூட வேண்டாத மொட்டைச் சுவர். இதில் ஒரு லாபம் இருக்கிறது. ஓஹாய் பள்ளத்தாக்கில் ஜூலை வெயில் எப்படி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதின்மூன்று அடி உயரச் சுவர் மேற்கே நின்றால் ஜூலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதன் நிழல் பதினெட்டு அடி விழும், முற்றத்தில் பாதிக்கு மேல் அதற்குள் வந்துவிடும். கோடையில் நாற்காலி போட்டு உட்காரப் போகிற நேரம் அதுதானே.

அளவு என்று கேட்டால் அகலம் 28 அடி, நீளம் 36 அடி போல வைத்துக்கொள்ளுங்கள். சரியான செவ்வகம் வேண்டாம். உங்கள் மேற்கு எல்லைக்கோடு வீட்டுக்கு இணையாக இல்லை, லேசாகச் சாய்ந்திருக்கிறது. காண்ட்ராக்டர் வீட்டுக்கு நூல் பிடித்துக் கராஜை நேராக்கி, எல்லையோரம் ஆப்பு மாதிரி ஒரு வீண் இடத்தை விட்டிருக்கிறார். கராஜை எல்லைக்கோட்டுக்கு இணையாகத் திருப்பி வையுங்கள். முற்றம் தெற்கே 28 அடி, வடக்கே 31, 32 அடி என்று விரியும். நிற்கிறவர்களுக்குக் கோணம் தப்பியிருப்பது கண்ணில் படாது, ஆனால் இடம் அளந்து வெட்டினாற்போல் இல்லாமல் தானாக அமைந்ததாகத் தோன்றும். செலவே இல்லாமல் வயது கூட்டுகிற வழி இது.

இனி வளைவு. ஐந்து வளைவு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது, உங்கள் ஊர்க் கடைத்தெருவிலிருந்து வந்திருக்கிறது. 1917-இல் கண்ணாடித் தொழிலதிபர் எட்வர்ட் லிபி, சான்டியேகோ கட்டடக்கலைஞர்கள் மீடும் ரெக்வாவும் சேர்ந்து வரைந்த வளைவு நடையை அங்கே இருந்த பழைய கடைகளுக்கு முன்னால் கட்டிக் கொடுத்தார். எதிரே தபால் ஆபீஸ் கோபுரமும் அதே கையால் வந்தது. அது பொதுத் தெரு, ஊரே வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கிற இடம், வளைவு வரிசை அங்கே பொருந்தும். அந்தத் தூண்களின் கனத்தையும் போகிறபோது ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள், காண்ட்ராக்டர் படத்தில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. பண்ணைக் கட்டடங்களில் வளைவு அபூர்வம். பெரிய வாசலுக்கு ஒன்று இருக்கும், மற்ற திறப்புக்கெல்லாம் நேர் மர உத்தரம்தான். (லிபி தன் குதிரைகளுக்கு லாயம் கட்டக்கூட வாலஸ் நெஃப்பைப் பிடித்தார் என்பது தனிக் கதை. பணம் இருந்தால் குதிரைக்கும் ஆர்க்கிடெக்ட்.)

உங்களுக்கும் ஒரே ஒரு வளைவு போதும். கராஜுக்கும் பழைய வீட்டுக்கும் நடுவில் ஏழெட்டு அடி இடைவெளி விட்டு, அதன் மேல் ஓடு வேய்ந்து, பத்தடி நீளத்துக்கு இருட்டான ஒரு நடை. காரை விட்டு இறங்கி வளைவுக்குள் நுழைந்து, அந்த நடையைக் கடந்தால்தான் முற்றம் தெரிய வேண்டும், தெருவிலிருந்தோ கார்ப் பாதையிலிருந்தோ அது கண்ணில் படவே கூடாது. ஸ்பெயினில் சாகுவான் என்று இதற்குப் பெயர், உங்கள் அப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்காது, செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவருக்கு ரேழி தெரியாதா. உதாரணம் பார்க்க ஆசையானால் ஒரு சனிக்கிழமை சான்டா பார்பரா போய் வாருங்கள், எல் பசேயோ என்கிற இடம். கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் ஆஸ்போர்ன் கிரெய்க் 1920-களின் தொடக்கத்தில், அங்கே ஏற்கெனவே நின்ற டி லா கெர்ரா குடும்பத்தின் பழைய மண் கல் வீட்டைச் சுற்றி வரைந்தது. கடையும் ஆபீசும்தான், ஆனால் நடை, திருப்பம், திடீரென்று ஒரு முற்றம், அங்கிருந்து ஒரு படிக்கட்டு என்று போகும். அப்படியே ஒரு டேப் எடுத்துப் போய்ச் சுவர்க்கனத்தை ஜன்னலோரத்தில் அளந்து பாருங்கள்.

கனத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். இன்றைய கட்டுமானத்தில் வெளிச்சுவர் மரச்சட்டத்தோடு, பூச்சோடு, உள்பலகையோடு சேர்த்து ஏழு அங்குலம் வரும். அதில் ஜன்னலை வெளிமுகத்தோடு ஒட்டி வைத்துவிடுவார்கள், நிழல் விழ இடமே இருக்காது, சுவர் அட்டை மாதிரி தெரியும். அதன் மேல் எத்தனை விரிசல் கீறினாலும் அட்டையில் கீறிய விரிசல்தான். பழைய வீடு பழசாகத் தெரிவது திறப்புகளில் விழுகிற நிழலால். ஒரு கதவுக்குப் பக்கத்தில் ஒரு முழம் சுவர் உள்வாங்கி இருட்டாக இருந்தால், அதற்கு நூறு வயது என்று கண் தானாக நம்பிவிடும்.

மண் கல்லில் கட்டலாமா என்றால், கட்டலாம், ஆனால் உங்களுக்கு வேண்டாம். நிலநடுக்கப் பகுதி, உள்ளே கம்பி கட்டி என்ஜினீயரிங் செய்து பெர்மிட் வாங்குவதற்குள் பட்டறைக்கு வைத்த பணம் போய்விடும். 1925 ஜூன் 29 நிலநடுக்கத்தில் சான்டா பார்பராக் கடைத்தெரு நொறுங்கியது, அதற்கப்புறம் ஊரையே ஸ்பானிஷ் பாணியில் எழுப்பினார்கள், அப்படி எழுந்ததில் பெரும்பகுதி பார்வைக்குத்தான் பழைய ஸ்பெயின், உள்ளே அந்தக் காலத்துப் புதுக் கட்டுமானம். உங்கள் 1927 வீடும் அனேகமாக மரச்சட்டமாகத்தான் இருக்கும். அதே வழியில் போங்கள். முற்றத்தைப் பார்க்கிற சுவர்களுக்கு மட்டும் இரட்டை வரிசை மரச்சட்டம், நடுவில் இடைவெளி விட்டு மொத்தக் கனம் 16 அங்குலம் வருகிற மாதிரி. இடைவெளி முழுக்க வெப்பம் தடுக்கிற பஞ்சு, ஆகவே உள்ளே குளிர்ச்சியும் கிடைக்கும். எல்லைப்பக்கச் சுவர், பட்டறையின் பின்சுவர் எல்லாம் சாதாரணச் சுவரே போதும், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள். ஜன்னலை இந்தக் கனத்தின் உள்பக்கம் தள்ளி வையுங்கள். வெளியே சட்டம், பட்டை, அலங்கார விளிம்பு ஒன்றும் வேண்டாம், பூச்சு வளைந்து உள்ளே போய் ஜன்னலில் முடியட்டும். ஜன்னலடி மட்டும் சரிவாக, மழைத்தண்ணீர் நிற்காமல் வழிகிற மாதிரி, அதன் அடியில் தண்ணீர் புகாத தகடு மடித்து. இந்த இடத்தில் சோம்பல் பட்டால் ஐந்து வருஷத்தில் மரம் உளுத்துவிடும்.

பூச்சு விஷயத்தில் காண்ட்ராக்டரிடம் நாலு வார்த்தை தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்போது வழக்கம், மூலைக்கு ஒரு உலோகப் பட்டை அடித்து அதைப் பிடித்துக் கத்தி முனை மாதிரி நேர்க்கோடு எடுப்பது, மேலே மெஷினில் மணல் தெறித்த மாதிரி ஒரு அக்ரிலிக் பூச்சு. உங்களுக்கு மூன்று கை சிமெண்ட்-சுண்ணாம்புப் பூச்சு, மொத்தம் முக்கால் அங்குலத்துக்கு மேல், இரண்டாவது கைக்கும் கடைசிக் கைக்கும் நடுவே ஏழு நாளாவது இடைவெளி. கடைசிக் கை இரும்புக் கரணையால், ரசமட்டப் பலகை பிடிக்காமல், கை போகிற போக்கில். மூலைகளைக் கொத்தனார் கரணையின் முதுகால் உருட்டி விட வேண்டும், மேலிருந்து கீழே ஒரே அளவு உருட்டலாக இருக்கக் கூடாது, கை பிடித்து நடக்கிற உயரத்தில் கொஞ்சம் அதிகம் மழுங்கியிருந்தால் அழகு. சொன்னதும் சிலர் வேண்டுமென்றே மேடும் பள்ளமுமாகக் குழப்பி அடித்து விடுவார்கள், கேக்கில் க்ரீம் தடவினாற்போல். அது வேண்டாம். பத்தடி தள்ளி நின்றால் சமமாகத் தெரிய வேண்டும், சாய்வெயில் விழும்போது மட்டும் கையின் அசைவு தெரிந்தால் போதும்.

மேலே பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள். அந்தலூசியக் கிராமங்களின் அந்த வெள்ளை, வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து ஏறியது, நம் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. அப்படி அடுக்கு ஏற ஏறத்தான் மூலைகள் மழுங்கி, குழிகள் தூர்ந்து, சுவருக்கு ஒரு மென்மை வரும். பூச்சின் மேல் அக்ரிலிக் ஏதாவது போட்டுவிட்டால் சுண்ணாம்பு பிடிக்காது, அதனால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தூய வெள்ளை அடித்தால் ஓஹாய் வெயிலில் கண் கூசும், ஒரு துளி மஞ்சள் மண் நிறம் கலந்து வாங்குங்கள். விரிசல் கீறுகிற யோசனையைக் கைவிடுங்கள். இந்த ஊரில் விரிசல் தானாகவே வரும், கூலி கொடுக்க வேண்டியதில்லை.

ஓட்டுக்குப் பணத்தை ஒதுக்குங்கள். வளைவுகளை நீக்கியதில் மிச்சமாகிற தொகை இங்கே வரட்டும். காண்ட்ராக்டர் எழுதியிருப்பது ஒரே துண்டாக அலை வடிவில் வார்த்த ஓடு. அலை ஒவ்வொன்றும் அச்சு எடுத்தாற்போல் ஒன்றாக இருக்கும், ஓரத்தில் நின்று பார்த்தால் அதன் மெலிவு அப்படியே தெரியும். உங்கள் பழைய வீட்டில் இருப்பது தனித்தனி ஓடு, ஒன்று மல்லாந்து, அதன் மேல் ஒன்று கவிழ்ந்து, நம் நாட்டு ஓட்டுக் கூரை வேய்கிற அதே முறை. புதுக் கூரைக்கும் அதே வகைதான் வேண்டும், ஒரு முனை அகன்று மறுமுனை குறுகியது, நிறம் மூன்று நான்கு சாயலில் கலந்து. இறவாரத்தில் முதல் வரிசை இரட்டையாக வரட்டும், அங்கங்கே ஓட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஓட்டைச் சொருகித் தூக்கிவிடட்டும், முகட்டைச் சுண்ணாம்புக் காரையில் பதிக்கட்டும். கனம் கூடும், ஆகவே என்ஜினீயர் கணக்கில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லுங்கள். சாய்வு 12 அடிக்கு 3 அல்லது 4 அடி ஏறினால் போதும், செங்குத்தாக ஏற்றினால் ஸ்பெயின் போய் வேறு ஊர் வந்துவிடும். கராஜ் கூரை உயரமாக, பட்டறைக் கூரை ஒரு முழம் கீழே, அப்பா அம்மா வீட்டின் முகடு மற்ற இரண்டோடும் ஒட்டாத வேறு ஒரு உயரத்தில்.

கூரை விளிம்பை நீட்டாதீர்கள். நாலைந்து அங்குலம் போதும், அடியில் மரம் தெரியாமல் பூச்சாலேயே கொடுங்கை மாதிரி வளைத்துச் சுவரோடு சேர்த்துவிடலாம். பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் தாமஸ் காட்டுத்தீ உங்கள் ஊரைச் சுற்றி வளைத்தது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். காட்டுத்தீயில் பல வீடுகள் எரிவது நெருப்பு நேரே வந்து தொட்டு அல்ல, பறந்து வருகிற கங்கு இடுக்கில் புகுந்து. வெளியே நீட்டிய மரம், காற்றுத் துளை, இறவாரத்தில் ஓட்டின் திறந்த வாய், இந்த மூன்றும் அது புகுகிற முக்கிய வழிகள். ஓட்டின் வாயைக் காரையால் அடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே குருவி கூடு கட்டும், காய்ந்த கூடு கங்குக்கு நல்ல பஞ்சு. துளைகளுக்குக் கங்கு புகாத வகை வலை. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் மரத்தூள், காய்ந்த செடி, மர வேலி எதுவும் வேண்டாம், அந்த ஐந்தடியும் தளமாகவே இருக்கட்டும்.

கராஜ் கதவு: பதினாறடி ஒற்றைக் கதவு வேண்டாம். ஒன்பதடிக் கதவு இரண்டு, நடுவில் தடித்த ஒரு தூண், மேலே மர உத்தரம், கதவு ஓரடி உள்வாங்கி. செங்குத்துப் பலகைக் கதவு. முடிந்தது.

கலக்காமல் இருப்பதும் முக்கியம். சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற உருட்டு மரக்கட்டைகள் நியூ மெக்சிகோ வழக்கம், கல் ஒட்டிய தூண் இத்தாலி, துளையிட்ட பித்தளை விளக்கு மொராக்கோ. உங்கள் காண்ட்ராக்டர் படத்தில் மூன்றும் இருக்கிறது! ஜன்னல் கம்பி போட்டால் கெட்டிச் சதுரக் கம்பியாக, அரை அங்குலத்துக்குக் குறையாமல், கொல்லர் துளையிட்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைத்ததாக இருக்கட்டும். உள்ளே பொள்ளலான குழாயைப் பற்றவைத்தது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். சான்டா பார்பராவுக்குப் பக்கத்தில் மான்டிசீட்டோவில் காசா டெல் எர்ரேரோ என்று ஒரு வீடு, ஓவியராக இருந்து கட்டடக்கலைக்கு வந்த ஜார்ஜ் வாஷிங்டன் ஸ்மித் வரைந்தது, 1925. முன்பதிவு செய்து பார்க்கலாம். அலங்காரம் கொட்டிக் கிடக்கிற வீடு என்று பெயர், ஆனால் வெளியே நின்று எண்ணிப் பாருங்கள், பெரும்பகுதி வெறும் சுவர்தான். அந்த வெறுமை இருப்பதால்தான் ஒரு இடத்தில் வைத்த வண்ண ஓடு கண்ணைப் பிடிக்கிறது. சொந்தக்காரர் ஸ்டீட்மன் உலோக வேலையில் கைதேர்ந்தவர், தோட்டத்தில் அவர் பட்டறையும் இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கும்.

நீரூற்று வையுங்கள், நடுவில் வேண்டாம். 28 அடி முற்றத்தின் நடுவில் நீரூற்று உட்கார்ந்தால் சுற்றி நடக்கத்தான் இடம் இருக்கும், மேசை போட முடியாது. கராஜின் மொட்டைச் சுவர் சும்மாதானே நிற்கிறது, அதில் ஒரு பிறை (மாடக்குழி) எடுத்து, ஒற்றைக் குழாய், கீழே ஒரு கல் தொட்டி. தண்ணீர் ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தால் போதும், அதற்கு மேல் போனால் பேச்சுக் கேட்காது. வண்ண ஓடு பதிக்க ஆசையிருந்தால் இந்தப் பிறைக்குள் பதியுங்கள். மாலிபு பாட்டரீஸ் என்கிற வண்ண ஓட்டுத் தொழிற்சாலை 1926 முதல் 1932 வரைதான் ஓடியது, அதன் வடிவங்களை இன்றும் அதே முறையில் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் வீட்டின் காலத்துக்கும் பொருந்தும்.

தளத்தைப் பற்றி இரண்டு விஷயம். நான்கு பக்கமும் அடைத்த இடத்தில் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று படத்தில் ஒரு கோடுகூட இல்லை. உங்கள் ஊரில் மழை நாள் குறைவு, பெய்தால் கொட்டும். சுவர்களிலிருந்து விலகி ஓடுகிற மாதிரி நூறடிக்கு இரண்டடி வாட்டம், நடுவில் சற்றுத் தள்ளி இரண்டு சல்லடை வாய், அவை அடைத்துக்கொண்டால் நுழைவு நடைக்கு அடியில் தண்ணீர் தப்பிக்க ஒரு வழி. இரண்டாவது, பழைய தோற்றம் வேண்டும் என்று அப்பா அம்மா தடுக்கி விழுகிற தளம் போட்டு விடாதீர்கள். மணலில் பதித்த செங்கல், கூழாங்கல் வரிசை, சரளை எல்லாம் ஓரங்களில் இருக்கட்டும். கார் நிற்கிற இடத்திலிருந்து நடை வழியாக அவர்கள் வாசல் வரை நாலடி அகலத்துக்குச் சமமான சுடுமண் தளம், படியே இல்லாமல், வாசற்படியும் தரையோடு தரையாக. மெக்சிகோவின் சால்டியோ சுடுமண் ஓடு நன்றாக இருக்கும், பளபளப்பு ஏற்றுகிற பூச்சு மட்டும் போடாதீர்கள், பார்க்கவும் நன்றாக இல்லை, ஈரத்தில் வழுக்கும். வாசலுக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்து ஒரு திண்ணை கட்டிக் கொடுங்கள், உயரம் 17 அங்குலம், அகலம் 18. ஸ்பெயினிலும் வாசலோரத்தில் இதே மாதிரி உண்டு, யாரும் பொருந்தவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆத்தங்குடிக் கல் வெளியே வேண்டாம், உள்ளே தாராளமாகப் போடலாம். கண்ணாடி மேல் வண்ண சிமெண்டை ஊற்றி வார்க்கிற கல் அது, வெயிலில் நிறம் மங்கும், நனைந்தால் வழுக்கும். அவர்கள் கூடத்தில் பதியுங்கள். பூவேலை சிமெண்ட் ஓடு ஸ்பெயினிலும் நூறு வருஷத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது, பார்சலோனாவின் பழைய அடுக்குமாடிகளில் அதுதான் தரை. ஆகவே வீட்டோடு சண்டை போடாது, அம்மாவுக்கும் காலடியில் பழகிய தரை. கடல் வழியாக வரும்போது உடையும், பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகச் சொல்லி வையுங்கள்.

மரம் செடி வாங்க நர்சரிக்கு ஓட வேண்டாம். முற்றம் வரப்போகிற இடத்தில் ஏற்கெனவே இரண்டு ஆரஞ்சு மரம் நிற்கிறது, அவற்றை வெட்டாமல் தளத்தைச் சுற்றிப் போடுங்கள், பழைய மரத்தைச் சுற்றிய புதுத் தளம் எப்போதும் பழசாகத்தான் தெரியும். வடகிழக்கு மூலையில் இருப்பது ஓக் என்று நினைக்கிறேன். அதன் கிளைவட்டத்துக்குள் தோண்டக் கூடாது, கோடையில் அடியில் தண்ணீரும் விடக் கூடாது, நகராட்சியிலும் அதற்கு விதிகள் உண்டு, கட்டடத்தை அதற்குத் தகுந்த மாதிரி நகர்த்துங்கள். காகிதப்பூ ஒன்றே ஒன்று, வீட்டுச் சுவரில் இல்லாமல் நடைக்கு வெளியே உள்ள மதிலில். விளக்கு குறைவாக, மஞ்சளாக, பல்பின் நிற அளவு 2700 கெல்வினுக்கு மேல் போகாமல். இறவாரத்தில் வரிசையாகப் பதிக்கிற குழிவிளக்கு ஒன்றுகூட வேண்டாம்.

பெர்மிட் பற்றிச் சுருக்கமாக. அப்பா அம்மா வீடு 800 சதுர அடிக்குள், 16 அடி உயரத்துக்குள், பக்கத்திலும் பின்னாலும் நாலடி விட்டுக் கட்டினால் மாநிலச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கராஜும் பட்டறையும் நகர விதிக்குள் வரும், தனியாகக் கேளுங்கள். உங்கள் வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், புதிதாகக் கட்டுவது பழையதோடு இயைந்து போக வேண்டும், ஆனால் பழையதிலிருந்து வேறுபடுத்திப் பார்க்கவும் முடிய வேண்டும் என்பது அரசின் விதி. எனக்கு அந்த விதி பிடிக்கும், பட்டியலில் இல்லாவிட்டாலும் கடைப்பிடிக்கச் சொல்வேன். நடையின் உள்சுவரில் கட்டிய வருஷத்தைச் சின்னதாக ஒரு ஓட்டில் எழுதிப் பதித்துவிடுங்கள், போதும்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றால், இந்த வாரமே நாலு முளையும் கயிறும் எடுத்து முற்றத்தைத் தரையில் போட்டுப் பாருங்கள், சுவர் உயரத்துக்குக் கழி நட்டு, நாற்காலி போட்டு, சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். நெருக்கமாகத் தோன்றினால் இரண்டடி கூட்டுங்கள், பெரும்பாலும் குறைக்கத்தான் தோன்றும். அப்புறம் காண்ட்ராக்டரை ஒரு மாதிரிச் சுவர் கட்டிக் காட்டச் சொல்லுங்கள், எட்டடிக்கு ஆறடி. அதில் உள்வாங்கிய ஒரு ஜன்னல், உருட்டிய ஒரு மூலை, மேலே நாலு வரிசை ஓடும் கொடுங்கையும் இருக்க வேண்டும், சுண்ணாம்பும் அடித்திருக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் கேட்பார், கொடுங்கள். கை சரியாக வந்தால் அவரையே வைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் பூச்சுக்கும் ஓட்டுக்கும் மட்டும் வேறு ஆள் பிடியுங்கள், மற்ற வேலையில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மாதிரிச் சுவரைக் கடைசி பில் கொடுக்கிற வரை இடிக்க விடாதீர்கள், பட்டறைக்குப் பின்னால் ஓரமாக நிற்கட்டும்.